மாமாவுக்கு ஒரு ஸ்கோர் தாள்

ஸ்காபரோ, ஒன்ராறியோ
17.04.2023

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் இவாவும் சின்னவளும் நல்ல சுகம். உங்களதும் மாமியினதும் சுகத்துக்கு வைரவரை வேண்டிக்கொள்கிறேன். மாமியின் முழங்கால் நோ எப்படி? கைவியளக் காசு அக்காவின் கையில் கிடைத்திருக்கும். அதில் மாமிக்கென்று பிறிம்பாக வைத்ததை நீங்கள் வாங்கி மடிக்குள் சொருக வேண்டாம்.

போனில் கதைத்தால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை. போன கிழமை நான் "பேஸ்போல்" என்று சொல்ல, நீங்கள் பேஸ்புக் என்று விளங்கிக்கொண்டு, "உதுகளில மினக்கெட்டு வீட்டுக்காரியட்டை ஏச்சு வாங்காத" என்று கால் மணித்தியாலம் புத்தி சொன்னீர்கள். இவா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. அதுதான் கடிதம்.

இதோடு நாலாய் மடித்து ஒரு தாள் வைத்திருக்கிறேன். அது வருசப்பிறப்பு அன்று இரவு நான் என் கையால் எழுதின ஸ்கோர். யாழ்ப்பாணம் சென்ரல் கல்லூரி மைதானத்தில் வெயிலுக்குள் கூடாரம் போட்டு, இரண்டு நிறப் பென்சிலோடு இருந்து கழகக் கிரிக்கெற் மட்சுகளுக்கு ஸ்கோர் எழுதின மனிசனுக்கு இதைக் காட்டாமல் வேறு ஆருக்குக் காட்டுவது? உடனே விரித்துப் பார்க்காதேங்கோ. முதலில் கடிதத்தை வாசியுங்கோ, இல்லாவிட்டால் தலையும் விளங்காது வாலும் விளங்காது.

எங்கள் பேஸ்போல் ரீம் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ். நீலக்குருவி என்று வையுங்கோவன். 1977இல் தொடங்கினது. அந்த வருசம் ஏப்ரல் 7ஆம் திகதி முதல் மட்ச், மைதானம் முழுக்கப் பனி. அதை வழித்துவிட்டு விளையாடி, சிகாகோ ரீமை 9-5 என்று வென்றவர்கள். 1992இலும் 1993இலும் உலகக் கிண்ணம் மாதிரியான உலகத் தொடரைத் தூக்கினார்கள். அதுக்குப் பிறகு ஒன்றுமில்லை. மொன்றியல் ரீம் 2004ஓடு அமெரிக்காவுக்குப் போய்விட்டது, ஆனபடியால் இப்போது முழுக் கனடாவுக்கும் இது ஒன்றுதான்.

நான் இதற்குள் விழுந்தது 2015இல், வந்து இறங்கின வருசம். பண்டகசாலையில் இரவு வேலை. பெட்டி அடுக்குகிற இடத்தில் ஒரு பழைய ரேடியோ, அதில் ஒரு மனிசர் ஓயாமல் கதைத்துக்கொண்டிருப்பார். ஆங்கிலம் பழகலாம் என்றுதான் காது கொடுத்தேன். ஒக்ரோபரில் ஹோசே பௌதிஸ்ரா என்றவர் ரெக்சாஸ் ரீமுக்கு ஒரு ஹோம்ரன், எங்கள் சிக்ஸர் மாதிரி, அடித்துவிட்டு மட்டையைச் சுழற்றி எறிந்தார். எங்கள் பகுதி மேற்பார்வையாளர், சிரிப்பே தெரியாத மனிசன், என்னைக் கட்டிப்பிடித்தார். அன்றோடு நான் நீலக்குருவிக்காரன்.

விளையாட்டை ஒரு வரியில் சொன்னால்: ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று விக்கெற் விழுந்தால் மற்றப் பக்கம் அடிக்க வரும். பந்து நிலத்தில் குத்துவதில்லை, எல்லாமே ஃபுல் ரோஸ். "ஃபுல் ரோஸ் எண்டால் என்னடா கஷ்டம், நானும் அடிப்பன்" என்று நீங்கள் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. உருண்டை மட்டையால், பதினெட்டு மீற்றர் சொச்சத் தூரத்திலிருந்து 150 கிலோமீற்றர் வேகத்தில் வாற பந்தை அடித்துப் பாருங்கோ. இங்கே பத்துத் தரம் வந்து ஏழு தரம் வெறுங்கையோடு போறவனைத்தான் நல்ல துடுப்பாட்டக்காரன் என்கிறார்கள்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் கணக்கில் இருக்கிறது. எங்களுக்குச் சென்ரலும் சென் ஜோன்ஸும் மோதுகிற வடக்கின் சமர் கிரிக்கெற் வருசத்தில் ஒரு தரம். அதில் தோற்றால் அடுத்த பங்குனி மட்டும் சென்ரல் பெடியள் சென் ஜோன்ஸ் வாசலால் தலை நிமிர்ந்து போக ஏலாது. இங்கே பங்குனி முடிவிலிருந்து புரட்டாதி முடிவு மட்டும் ஒரு ரீமுக்கு 162 மட்ச். கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும். பால் வாங்கப் போற மாதிரி, இன்றைக்குப் புளித்திருந்தால் நாளைக்கு வேறு போத்தல். ஆனபடியால் சித்திரை மாதத்து வெற்றிக்குத் துள்ளவும் கூடாது, தோல்விக்கு அழவும் கூடாதாம், அனுபவசாலிகள் சொல்லுகிறார்கள். நான் இரண்டும் செய்கிறேன்.

அதுக்குக் காரணம் போன வருசம் ஒக்ரோபர் 8. சியாற்றில் ரீமோடு, எங்கள் மைதானத்திலேயே, தோற்றால் வீட்டுக்குப் போற மட்ச். 8-1 என்று முன்னுக்கு நின்றோம், மாமா. எட்டுக்கு ஒன்று! தியோஸ்கர் ஹெர்னாண்டஸ் இரண்டு ஹோம்ரன் அடித்திருந்தார். நான் சின்னவளிடம், "வெண்டாச்சு, எழும்பி முகம் கழுவு, சாப்பிடுவம்" என்று சொன்னேன். அவள் முகம் கழுவி வரத் தொடங்கின சரிவு 10-9 என்று சியாற்றில் வென்றுதான் நின்றது. நடுவில் ஒரு உயரப் பந்துக்கு எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓடி மோதி, ஜோர்ஜ் ஸ்பிறிங்கரை வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "நீங்கள் வெண்டாச்சு எண்டு சொன்னதாலதான்" என்று ஒன்பது வயசுப் பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னது. அடுத்த மாதமே அந்த ஹெர்னாண்டஸை விற்றார்கள், அதுவும் எங்களை அடித்த சியாற்றிலுக்கே. அதற்கு அவள் அழுத அழுகை இங்கே எழுத ஏலாது. அன்றிலிருந்து இந்த வீட்டில் "வெண்டாச்சு" என்ற சொல்லுக்குத் தடை. கடைசி ஆள் அவுட் ஆகும் மட்டும் ஒருவரும் வாய் திறக்கப்படாது.

அந்த வாய்க்கட்டோடுதான் இந்தப் பருவம் பங்குனி 30ஆம் திகதி சென். லூயிஸில் தொடங்கியது. முதல் நாளே 10-9! அதே எண்கள், இந்த முறை எங்கள் பக்கம். எங்கள் ஆட்கள் 19 தரம் அடித்து ஓடினார்கள், அதில் ஐந்து ஸ்பிறிங்கருடையது. வண்டிலில் போன அதே மனிசன். ஆனால் எங்கள் முதல் தரப் பந்துவீச்சாளர் அலெக் மனோவா நாலாம் இன்னிங்சையே முடிக்கவில்லை. நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியாமல் வேலைக்குப் போனேன். சகுனத்தை அடுத்த இரண்டு மட்சும் சொல்லிவிட்டன: 4-1, 9-4, இரண்டும் தோல்வி. மூன்று வருசத்துக்கு 63 மில்லியன் டொலர் பேசி எடுத்த கிறிஸ் பாசிற், தன் முதல் மட்சிலேயே நாலு ஹோம்ரனும் ஒன்பது ஓட்டமும் குடுத்தார். பண்டகசாலையில் என்னோடு பெட்டி அடுக்குகிற டொமினிக்கன் பெடியன், "நண்பா, சீசன் முடிஞ்சுது" என்றான். மூன்றே மட்ச் முடிந்திருந்தது. இன்னும் 159 பாக்கி.

பிறகு கன்சாஸ் சிற்றி. முதல் நாள் 9-5 என்று அடி. அன்று பந்து போட்டவர் ஹோசே பெரியோஸ். இந்தப் பேரை ஞாபகம் வைத்திருங்கோ, தாளில் வருவார். அடுத்த மூன்றையும் வென்றோம். மனோவா ஏழு இன்னிங்சில் ஒரே ஒரு அடி மட்டும் குடுத்து, முதல் நாள் என்னை வயிறு எரிய வைத்ததற்குப் பிராயச்சித்தம் செய்தார்.

கலிபோர்ணியாவில் ஏஞ்சல்ஸ் ரீமோடு நடந்ததைச் சொல்லாமல் விட ஏலாது. அங்கே ஷோஹெய் ஓதானி என்று ஒரு யப்பான்காரர் இருக்கிறார். எங்கள் பாசையில் சொன்னால் ஓல்ரவுண்டர். இந்த விளையாட்டில் பந்து போடுறவன் அடிக்க வாறதில்லை, ஓதானி இரண்டும் செய்கிறார். போன மாதம் உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தில் மைக் ட்றவுற்றை வீழ்த்தி யப்பானுக்குக் கிண்ணம் எடுத்துக் குடுத்தார். அந்த ட்றவுற்றும் இதே ஏஞ்சல்ஸ்தான்! ஈஸ்ரர் ஞாயிறு அவர்களோடு 6-0 என்று பின்னுக்கு நின்றோம். இவா ரி.வி.யை நிற்பாட்டிவிட்டுத் துணி மடிக்கச் சொன்னா. மடித்தேன், காதில் ரேடியோவை மாட்டிக்கொண்டு. பத்தாவது இன்னிங்சில் 12-11 என்று வென்றோம். அன்றைக்கு மடித்த சாறிகளை இவா திரும்ப மடித்தா.

பத்தாவது இன்னிங்ஸ் என்றதும் ஒரு பகிடி. ஒன்பதில் சமனாக நின்றால், பத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் சும்மா ஒரு ஆளை இரண்டாம் பேஸில், ஓடுறவன் தொட்டு நிற்கிற இரண்டாவது இடத்தில், கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அவன் ஒன்றும் அடித்து அங்கே வரவில்லை. 2020இலிருந்து இந்தச் சட்டம். இதை ஸ்கோர் தாளில் எப்படி எழுதுவது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். இந்த வருசம் இன்னொன்று புதிதாக வந்திருக்கிறது: மணிக்கூடு. பந்து போடுறவருக்கு 15 செக்கன், பேஸில் ஆள் நின்றால் 20. தாண்டினால் தண்டம். அடிக்கிறவர் கையுறையை இழுத்து, தொப்பியைத் திருத்தி, வானத்தைப் பார்த்து நிற்கிற விளையாட்டெல்லாம் இனி இல்லை. போன வருசத்தைவிட அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட முன்னரே முடிந்துவிடுகிறது. எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ அந்தச் சோம்பல்தான் பிடித்திருந்தது. அந்த இடைவெளியில்தான் முன்னர் ரேடியோக்காரர் கதை சொல்லுவார்.

சித்திரை 11, செவ்வாய், வீட்டு மைதானத்தில் முதல் மட்ச். மைதானத்தை 300 மில்லியன் டொலரில் பகுதி பகுதியாகப் புதுப்பிக்கிறார்கள். எல்லைச் சுவர்களை முன்னுக்குக் கொண்டுவந்து உயர்த்தியிருக்கிறார்கள். கெவின் கியர்மையர் என்று ஒரு புது ஆள், பத்து வருசம் ரம்பா பேயில் எங்களுக்கு எதிராக விளையாடினவர், இப்போது எங்கள் நடுத்திடலில். டிற்றோயிற்காரன் ஒருவன் அடித்த பந்து சுவரைத் தாண்டிப் போக, இந்த மனிசன் குதித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கையை விட்டு எடுத்தார். எங்கள் வேலிக்கு மேலால் பக்கத்து வளவு மாங்காயை எட்டிப் பிடுங்கின மாதிரி. சின்னவள் கதிரையில் ஏறி நின்று கத்தினாள். 9-3. ஹெர்னாண்டஸுக்காக அழுத பிள்ளை இப்போது கியர்மையரின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பிள்ளைகளுக்கு நன்றி கெட்ட மனம், அது நல்லதுதான். அடுத்த நாள் பத்து இன்னிங்சில் 4-3, வியாழன் 3-1 தோல்வி.

இப்போது தாளுக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை, சோபகிருது வருசப்பிறப்பு. காலையில் மருத்துநீர் வைத்து முழுகி, கந்தசாமி கோயிலுக்குப் போய் வந்து, பொங்கலும் சாப்பிட்டாயிற்று. பின்னேரம் சின்னவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கெனடி நிலையம், அங்கேயிருந்து இரண்டு ரயில் மாறி யூனியன். பஸ்ஸுக்குள் வேட்டியோடு இரண்டு பேர், நீலச் சட்டையோடு நாங்கள். மட்ச் தொடக்கம் மாலை 7 மணி 7 நிமிசம். உங்களுக்குச் சனி விடியப்புறம் நாலரை தாண்டியிருக்கும். வீட்டுச் சாப்பாட்டை உள்ளுக்குக் கொண்டுபோக விடுவார்கள். சைவ நாள் என்றபடியால் நீங்கள் குடுத்தனுப்பின பருத்தித்துறை வடை ஒரு பை கொண்டுபோனோம். அங்கே கச்சான் விற்கிறார்கள், கோதோடு. காலடியில் கோதைப் போட்டுக்கொண்டே சாப்பிடலாம், ஒருவரும் ஏசமாட்டார்கள். நல்லூர்த் திருவிழா வீதியில் நடந்த மாதிரி நறநற என்று ஒரு சத்தம்.

எதிரில் ரம்பா பே ரேய்ஸ். பருவம் தொடங்கி 13 மட்ச், பதின்மூன்றும் வெற்றி. 1900க்குப் பிறகு இப்படித் தொடங்கினவை 1982இல் அற்லாண்டாவும் 1987இல் மில்வாக்கியும் மட்டும்தான். பதினாலாவதை வென்றால் புதுச் சாதனை. அதற்கு எதிராக எங்கள் பக்கம் பந்து போட வந்தது ஆர்? பெரியோஸ்! முதல் இரண்டு மட்சிலும் வடிவாக அடி வாங்கி, இரண்டையும் 9-5 என்று தோற்றவர். ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து கோயில் வாசலில் கட்டின மாதிரி எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு வெள்ளைக்கார ஆச்சி, எழுபத்தைந்து வயசு மதிக்கலாம். மடியில் சுருள் கம்பிக் கொப்பி, காதில் சொருகின பென்சில். உங்களைப் பார்த்த மாதிரியே இருந்தது. நான் எட்டி எட்டிப் பார்க்க, ஒரு வெற்றுத் தாளைக் கிழித்துத் தந்து, "எழுது" என்றா.

இதுதான் வாசிக்கிற முறை. ஆட்களுக்கு அவர்கள் நிற்கிற இடத்தின் இலக்கம்: பந்து போடுறவர் 1, பின்னால் குந்தியிருந்து பிடிக்கிறவர் 2, முதலாம் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறவர் 6, எல்லையில் இடமிருந்து வலம் 7, 8, 9. 6-4-3 என்று கண்டால், ஆறு எடுத்து நாலுக்கு எறிந்து, நாலு மூன்றுக்கு எறிந்து, ஒரே பந்தில் இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார்கள். கே என்ற ஆங்கில எழுத்துக் கண்டால், அடிக்க ஏலாமல் அவுட். அந்தக் கே கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி நின்றால், மட்டையையே வீசாமல் பார்த்துக்கொண்டு நின்று அவுட். அப்படிப் போறவனுக்குச் சென்ரல் மைதானத்தில் நீங்கள் சொல்லுகிற சொல்லை இங்கே எழுதவில்லை.

இந்தக் கேயைக் கண்டுபிடித்தவர் ஆர் தெரியுமோ? ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயோர்க் பக்கம் வந்து சேர்ந்தவர், பத்திரிகைக்குக் கிரிக்கெற் செய்தி எழுதினவர். அந்தக் கிரிக்கெற் ஸ்கோர் அட்டையை மனதில் வைத்துத்தான் பேஸ்போலுக்கும் ஒரு கணக்கு முறையை உருவாக்கினார். ஆகவே உங்கள் தொழிலின் மகன்தான் இது, மாமா. சொந்தக்காரன் என்று நினைத்துப் பாருங்கோ. இன்னொன்று, உலகத்தில் முதல் நாடு விட்டு நாடு நடந்த கிரிக்கெற் மட்ச் 1844இல் அமெரிக்காவும் கனடாவும் விளையாடினது. வென்றது கனடா. இதை இங்கத்தைய பெடியளுக்குச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள்.

பெரியோஸ் ஐந்து இன்னிங்ஸ் போட்டார். எப்படிப் போட்டார் என்பதைத் தாளே சொல்லும். ஏழாம் இன்னிங்ஸ் நடுவில் முழுக் கூட்டமும் எழும்பிக் கை கால் நீட்டுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அப்போது ஆச்சி வடை ஒன்று எடுத்துக் கடித்துவிட்டு, உறைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொன்று எடுத்தா. எங்கள் பக்கம் முன்னுக்கு நின்றது. சின்னவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திறக்கவில்லை. ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட். அப்போதும் திறக்கவில்லை. கடைசி ஆள் போனதும் 6-3. பதின்மூன்றோடு நின்றது அவர்களுடைய ஓட்டம். "இப்ப சொல்லுங்கோ அப்பா" என்றாள். சொன்னேன், தொண்டை அடைக்கச் சொன்னேன். ஸ்கோர் எழுதுறவன் கைதட்டக் கூடாது என்று நீங்கள் எனக்குச் சொல்லித் தந்தது ஞாபகம் இருந்தது. ஆனால் கை கேட்கவில்லை. தாளின் கடைசிப் பெட்டியில் ஒரு கோடு கோணலாக ஓடியிருக்கும்.

சனிக்கிழமை எல்லா வீரரும் 42 என்ற ஒரே இலக்கத்தோடு வந்தார்கள். 1947இல் அதே ஏப்ரல் 15ஆம் திகதி, கறுப்பினத்தவருக்கு மூடிக்கிடந்த கதவை ஜாக்கி றொபின்சன் திறந்த நாள். அதற்கு முந்தின வருசம் அவர் விளையாடினது மொன்றியலில். அன்றும் வென்றோம், 5-2. ஞாயிறு தோற்றோம். எத்தனைக்கு எத்தனை? 8-1. எங்கள் பக்கம் ஒன்று. அந்த எண்ணைத் திரையில் கண்டதும் சின்னவள், "இனி அவையள் வெண்டாச்சு எண்டு சொல்லட்டும்" என்று ஒன்பதாம் இன்னிங்ஸ் மட்டும் காத்திருந்தாள். அவர்கள் சொன்னார்களோ தெரியாது, எட்டுக்கு ஒன்றாகவே முடிந்தது.

ஆக 16 மட்சில் பத்து வெற்றி, ஆறு தோல்வி. மூன்றாம் பேஸில் நிற்கிற மற் சாப்மன் இந்த மாதம் எதைத் தொட்டாலும் அடி. மனோவாவை நினைத்தால்தான் பயமாய் இருக்கிறது. ஒரு நாள் சிங்கம், ஒரு நாள் பூனை. பெரியோஸைப் பற்றி நான் இனி ஒன்றும் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இன்றிரவு ஹூஸ்ரனில், போன வருசச் சம்பியன்களோடு தொடங்குகிறது. எனக்கு இரவு வேலை, ரேடியோவுக்குப் புது பற்றரி போட்டிருக்கிறேன். எழுதி முடிக்க இவா சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டா.

தாளில் ஆறாம் இன்னிங்சை மட்டும் கொஞ்சம் சந்தேகமாய்ப் பாருங்கோ. கச்சான் வாங்க நின்றதில் இரண்டு பேரைத் தவறவிட்டு, ஆச்சியின் கொப்பியைப் பார்த்து எழுதினேன். அவவின் ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி. பிழை கண்டால் சிவப்புப் பென்சிலால் சுழித்து அக்காவிடம் குடுங்கோ, அவள் படம் எடுத்து அனுப்புவாள்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மருமகன்

பி.கு: வடை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் ஊரிலிருந்து ஆராவது வந்தால் இரண்டு பையாகக் குடுத்துவிடுங்கோ. ஒன்று ஆச்சிக்கு. அதே கதிரையில்தான் எப்போதும் இருப்பாவாம்.